மூன்று வருடம் பொறுக்கச் சொன்ன மச்சாளுக்கு

என் ஆசை மச்சாள்,

முதலில் ஒரு முறைப்பாடு. உங்களுடைய மரண அறிவித்தலில் என் பெயர் இல்லை.

அது இணையத்தில் வந்த காலை, நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் சலவை அறையில் நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் போனில் வாசித்தேன். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் சுவிஸ் சூக்கை வதிவிடமாகவும் கொண்ட செல்வி மலர் என்று தொடங்கி, எங்கள் ஆட்களுடைய வழக்கப்படி உறவு முழுவதையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அன்பு மகளும், பாசமிகு சகோதரியும், பெரியம்மாவும், மாமியும், மைத்துனியும் ஆவார். பத்து வருடமாக உங்களுக்கு ஒரு போன் எடுக்காத கனடாக்காரருக்கும் அதில் இடம் இருந்தது. மைத்துனி என்ற இடத்தில் மூன்று பெயர்கள். மேலும் கீழுமாக இரண்டு தரம் தேடினேன். நான் இல்லை.

நேற்று உங்களுடைய ஆண்டுத் திவசம். அதற்கும் எனக்கு அழைப்பு இல்லை. என் வீட்டில் புட்டு அவித்து, மீன் இல்லாமல் ஒரு கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, உங்கள் படத்துக்கு முன்னால் படைத்தேன். மீன் இல்லாத சோற்றைப் பார்த்தால் நீங்கள் முகத்தைச் சுழிப்பீர்கள் என்று தெரியும். திவசத்துக்கு மச்சம் வைக்க முடியுமா, சொல்லுங்கள்? பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்: நீங்கள் என்னைக் கட்டியவரின் தமக்கை. எங்கள் முறையில் நான் உங்களை மச்சாள் என்பேன், நீங்களும் என்னை மச்சாள் என்பீர்கள். அவருடைய பெயரை நான் இதில் எழுத மாட்டேன். பயத்தில் இல்லை. உங்கள் தம்பி என்பதைவிட நல்ல பெயர் அவருக்குக் கிடையாது.

என்னைப் பெண் பார்த்ததே நீங்கள்தானே. வட்ஸ்அப்பில் போன என் படத்தைப் பார்த்துவிட்டு, "இவள் வாய்க்காரி போலக் கிடக்கு. என்ரை தம்பிக்கு இப்பிடி ஒருத்திதான் சரி" என்றீர்களாம். தாய் இல்லாத தம்பியைக் கையில் வைத்து வளர்த்தவர் நீங்கள். அவருக்காகவே கலியாணம் கட்டாமல் இருந்தவர். அவரைச் சுவிசுக்கு எடுத்து, இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலைக்குச் சேர்த்து, கடைசியாக என்னையும் தேடிப் பிடித்துக் கொடுத்தீர்கள். நீங்கள் ஆசைப்பட்டு எடுத்த அந்த வாய்க்குத்தான் பிறகு அடி விழுந்தது.

நான் வந்த பத்தாவது மாதம் உங்களுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அடுத்த நாளே சூக்கில் ரயில் ஏறி, லுசேர்னில் மாறி, ஒரு வாளியில் மீன் குழம்போடு வந்து இறங்கினீர்கள். அவர் வேலைக்குப் போயிருந்தார். நான் சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவினீர்கள். திரும்பி வந்து இருந்த பிறகுதான் வாய் திறந்தீர்கள்.

"பொறு மச்சாள். மூண்டு வருசம் முடியட்டும். அதுக்கு முதல் நீ வெளிக்கிட்டா விசாவைப் பறிச்சுப்போட்டுப் பிளேனிலை ஏத்தி விடுவாங்கள்."

"மூண்டு வருசமோ?"

"பத்து மாசம் போட்டுது தானே. மிச்சம் இருபத்தாறு. நான் அவனோடை கதைக்கிறன். நீயும் வாயைக் கொஞ்சம் அடக்கு. டொக்டரிட்டைப் போக வந்தா, விழுந்திட்டன் எண்டு சொல்லு. பொலிசுக்குப் போனா அவன்ரை வேலையும் போம், உன்ரை விசாவும் போம்."

என்னுடைய வதிவிட அட்டை, கணவனோடு சேர்ந்து வாழ்வதற்கென்று தந்த அட்டை. அவரை விட்டுப் போனால் அட்டையும் போய்விடும், மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தால் மட்டும் போகாது என்பது எங்கள் சனத்துக்கு மனப்பாடம். ஜெர்மனில் ஒரு வசனம் ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவருக்கும் மூன்று வருடக் கணக்குத் தெரியும். கோயில் அன்னதான வரிசையில் அதைச் சொல்வார்கள். தமிழ்க் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டு சொல்வார்கள். "மூண்டு வருசத்தை இழுத்துப் பிடிச்சிடு பிள்ளை" என்று எத்தனை பெண்களுக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? சொன்ன ஒருவராவது அந்தச் சட்டத்தின் அடுத்த வரியை வாசித்தவரா?

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்கள் போன் எடுத்தீர்கள். என்ன சமையல், என்ன குளிர் என்று கேட்டுவிட்டு, வைக்கும்போது "இன்னும் இருபத்தஞ்சு", "இன்னும் இருபத்திநாலு" என்பீர்கள். மறியலில் அடைத்து வைத்திருக்கிறவளுக்கு நாள் எண்ணுவது போல. சிரிப்பு வரும் எனக்கு. போனை வைத்துவிட்டு அழுவேன்.

நீங்கள் தம்பியோடு கதைத்தீர்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. நீங்கள் ஏசினால் இரண்டு கிழமை அடங்கி இருப்பார். மூன்றாம் கிழமை, "அக்காவிட்டைச் சொல்லிப்போட்டியோ? சொல்லடி. உன்ரை விசா என்ரை கையிலை இருக்கு" என்று தொடங்குவார். என் கடவுச்சீட்டையும் அட்டையையும் எங்கோ ஒளித்து வைத்திருந்தார். அப்படி ஒரு மூன்றாம் கிழமையில்தான் என் இடது காதில் அடித்தார். ஒரு கிழமை உள்ளே தண்ணீர் நின்றது போல இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் காதில் ஒன்றும் கேட்கவில்லை. டொக்டரிடம் அவரே கூட்டிக்கொண்டு போனார், அவரே பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். நான் நீங்கள் சொல்லித் தந்தபடி, குளியலறையில் விழுந்துவிட்டேன் என்றேன். உங்களுக்கும் அதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் போனை வலது காதில் வைத்துக்கொண்டேன்.

இப்படிப் பதினான்கு மாதம் போனது.

உங்களில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சில நாள் பேருந்தில் யாராவது இடது பக்கம் இருந்து ஏதாவது கேட்டால், நான் திரும்பாமல் இருந்தால், திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிடுவார்கள். அப்போது உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும் போல வரும். யாரோடு பிடிப்பேன் மச்சாள்? கோபிப்பதற்காவது நீங்கள் இருந்திருக்கலாமே.

பிறகு அந்தக் காலை வந்தது. அதை நீங்கள் எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! சூக்கில் நீங்கள் துப்பரவு செய்கிற சட்டத்தரணிகளின் அலுவலகம். காலை ஐந்து மணிக்குப் போனால் ஏழு மணிக்கு முடித்துவிட்டு, ஆட்கள் வருவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். பதினொரு வருடமாக அவர்களுடைய குப்பை வாளிகளைத் தெரியும், முகங்களைத் தெரியாது என்பீர்கள். அன்றைக்கு ஒரு பெண் சட்டத்தரணி ஏதோ அவசரத்தில் வெள்ளெனவே வந்திருந்தார். நீங்கள் அலுமாரியில் தூசி துடைத்துக்கொண்டு நின்றீர்கள். உங்களுடைய ஜெர்மன் துப்பரவு ஜெர்மன்: குப்பை, கண்ணாடி, நாளைக்கு, சரி. அந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு, என்ன துணிவில் கேட்டீர்களோ, "என் தம்பியின் மனைவி. தம்பி அடிக்கிறான். மூன்று வருடத்துக்கு இன்னும் பன்னிரண்டு மாதம். குறைக்க ஏதும் வழி இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

"அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்" என்பீர்கள். "'ஆர் உங்களுக்கு மூண்டு வருசம் எண்டு சொன்னது? அடி விழுகிற வீட்டிலை அந்தப் பெண் ஒரு நாளும் காத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதுக்குச் சட்டத்திலை வேறை இடம் இருக்கு. நடந்ததைக் காட்டச் சாட்சி வேணும், அவ்வளவுதான்' எண்டாள். பேந்து, நான் துடைச்சுக்கொண்டு நிண்ட தட்டிலை இருந்து, நான் துடைச்ச புத்தகத்தை இழுத்து எடுத்து, விரலை வைச்சுக் காட்டினாள். மச்சாள், பதினொரு வருசமா அந்தப் புத்தகத்துக்குத் தூசி தட்டினனான்."

இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தரமும் உங்கள் விரலையும் மேசையில் வைத்துக் காட்டுவீர்கள்.

அன்று ஏழு மணிக்கு நீங்கள் வீட்டுக்குப் போகவில்லை. வேலை உடுப்போடேயே ரயில் ஏறிப் பத்து மணிக்கு என் கதவில் நின்றீர்கள். நான் கதவைத் திறந்ததும், "வெளிக்கிடு" என்றீர்கள். கடவுச்சீட்டு எங்கே என்று தெரியாது என்றேன். நீங்கள் நேரே சாமித் தட்டுக்குப் போய், பிள்ளையார் படத்தைத் தூக்கி, பின்னாலிருந்து கடவுச்சீட்டையும் அட்டையையும் எடுத்து என் கையில் தந்தீர்கள்.

"உவன் சின்னனிலை இருந்து களவு எல்லாத்தையும் பிள்ளையாற்றை முதுகிலைதான் ஒளிக்கிறவன்" என்றீர்கள். பதினான்கு மாதம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று நான் விளக்கேற்றிக் கும்பிட்டிருக்கிறேன், மச்சாள். பிள்ளையாரும் வாய் திறக்கவில்லையே என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் இன்னும் உண்டு.

ரயிலில் நீங்கள் என் இடது பக்கம் இருந்தீர்கள். பிரியென்ஸ் வாவி யன்னலில் பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தபடி இருந்தேன். நீங்கள் ஏதோ கேட்டிருக்கிறீர்கள். மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். பிறகு என் தோளைத் தொட்டுத் திருப்பினீர்கள்.

"கூப்பிடக் கூப்பிட என்ன யோசினை?"

"அந்தப் பக்கம் கேளாது மச்சாள்."

"எப்ப இருந்து?"

"ஒரு ஏழெட்டு மாசம்."

நீங்கள் எழுந்து என்னைத் தாண்டி வலது பக்கம் வந்து இருந்தீர்கள். லுசேர்ன் வரும்வரை உங்கள் கை என் கையைப் பிடித்தபடி இருந்தது, அதில் துப்பரவு மருந்தின் எலுமிச்சை வாசம் இருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் ஒரு நாளும் என் இடது பக்கத்தில் இருக்கவில்லை. கடையில், கோயிலில், பேருந்தில், எங்கே போனாலும் நின்று பார்த்துச் சுற்றி வந்து வலது பக்கத்தில் இருப்பீர்கள். யாரும் எனக்காக அப்படி இடம் மாறி இருந்ததில்லை. இனி யார் இருக்கப் போகிறார்கள்?

அந்தச் சட்டத்தரணி தந்த தொலைபேசி இலக்கத்தால் பெண்கள் காப்பகத்தில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. அங்கிருந்த ஆலோசகர் எல்லாவற்றையும் எழுதி எடுத்தார். வழக்கும் தொடங்கியது. என் பக்கத்தில் வர உங்கள் தம்பிக்கு நீதிமன்றம் தடை போட்டது. இதெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சிக்கல் குடிவரவு அலுவலகத்தின் கடிதத்தில் இருந்தது. இரண்டு கேள்வி. இவ்வளவு அடி என்றால் ஏன் பதினான்கு மாதம் அந்த வீட்டிலேயே இருந்தீர்கள்? அடித்ததால் காது போனது என்றால், ஏன் டொக்டரிடம் விழுந்தேன் என்று சொன்னீர்கள்?

அந்த டொக்டர் நல்ல மனிசன். 'விழுந்ததற்குப் பொருந்தவில்லை' என்று தன் குறிப்பில் அப்போதே எழுதி வைத்திருந்தார். ஆனால் மற்றக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. என் மச்சாள் இருக்கச் சொன்னார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நீங்களே வந்தீர்கள். அரச வழக்கறிஞரின் அறை, ஒரு நீள மேசை. நானும் என் சட்டத்தரணியும் ஒரு பக்கம், உங்கள் தம்பியின் சட்டத்தரணி மறுபக்கம். நடுவில் நீங்கள், கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலையில், மேலே குளிர் ஜக்கெற். அரச வழக்கறிஞர் அம்மா சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவருடைய சகோதரி. விரும்பாவிட்டால் எதுவும் சொல்லத் தேவையில்லை. பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது."

நீங்கள் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துச் சொன்னீர்கள்: "தம்பி, அம்மாவுக்குச் சொல்லுங்கோ. அந்த உரிமையை நான் பதினாலு மாசம் பாவிச்சிட்டன். இனிக் காணும்."

அந்தப் பெடியன் ஒரு நிமிடம் பேனையை வைத்துவிட்டு உங்களையே பார்த்தார். பிறகுதான் மொழிபெயர்த்தார்.

"அவளை இருக்கச் சொன்னது நான். விழுந்தனான் எண்டு சொல்லச் சொன்னதும் நான். அவள் பொய்க்காரி இல்லை, நான் சொன்னதைக் கேட்டவள். அவன் அடிச்சதை நான் என்ரை கண்ணாலை பார்க்கேல்லை. அவளின்ரை கையைப் பார்த்தனான். பார்த்திட்டுப் போய்க் கையைக் கழுவினனான்."

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். உங்கள் தசை எவ்வளவு ஆடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடும்போது பேனையை இரண்டு தரம் வைத்துவிட்டு எடுத்தீர்கள். வெளியே வந்து படியில் இருந்துகொண்டு, "நான் தூக்கி வளர்த்தது, மச்சாள்" என்று மட்டும் சொன்னீர்கள். நான் உங்களுடைய இடது பக்கம் இருந்தேன், என் நல்ல காது உங்கள் பக்கம் இருக்கட்டும் என்று. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு உங்களை என்ன பாடு படுத்தினார்கள்! கூடப் பிறந்ததைக் காட்டிக் கொடுத்தவள் என்றார்கள். கனடா கதைப்பதை நிறுத்தியது, கொழும்பு நிறுத்தியது. கோயிலில் பூக்கட்டுகிற பெண்கள் உங்களைக் கண்டதும் கதையை மாற்றினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று சொல்லிச் சிரித்தீர்கள். ஆனால் அந்த வருடம் தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. நீங்கள் சுட்ட பயித்தம் பணியாரத்தை நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாள் தின்றோம்.

பிறகு உங்களுக்கு வருத்தம் வந்தது. வயிற்றில் புற்று என்றார்கள், பிந்திவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நீங்களே ஒழுங்கு செய்தீர்கள்: ஞாயிறு உங்கள் தம்பி, புதன் நான். ஒருவர் கண்ணில் மற்றவர் படாமல். ஒரு புதன்கிழமை மேசையில் இருந்த தோடம்பழத்தைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பினேன். அவர் கொண்டுவந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவன்ரை பிழையை நான் சொன்னனான். அவனை நான் எறியேல்லை" என்றீர்கள். "உனக்கு விளங்காட்டிலும் பரவாயில்லை. பழத்தை உரி, தின்னுவம்."

உரித்தேன். நீங்கள் இரண்டு சுளை, நான் மிச்சம்.

ஒவ்வொரு புதனும் நான் உள்ளே வந்ததும் உங்கள் முதல் கேள்வி, "விசா வந்ததோ?" இல்லை மச்சாள், இன்னும் இல்லை. கடைசிப் புதனில் குரல் வரவில்லை. புருவத்தைத் தூக்கினீர்கள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். பொய்யாகவாவது ஓம் என்று சொல்லியிருக்கலாம் என்று இந்த ஒரு வருடமாக நினைக்கிறேன். ஆனால் நீங்கள் அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

செத்தவீட்டுக்கு நான் வந்தேன் மச்சாள். உள்ளே வரவில்லை.

தடை அவருக்கு, எனக்கு இல்லை. நான் உள்ளே வந்திருந்தால் அவர்தான் வெளியே போக வேண்டும், சட்டம் அப்படி. என் சட்டத்தரணி கேட்டார், "நீங்கள் போக விரும்பினால் போகலாம், அது உங்கள் உரிமை" என்று. ஆனால் அவர் வெளியே போனால் உங்களுக்குக் கொள்ளி வைப்பது யார்? பிள்ளை இல்லாத உங்களுக்குத் தம்பிதானே பிள்ளை. உங்களை அவர் இல்லாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் காலடியில் நிற்பதா, விட்டுக்கொடுத்து வீதிக்கு அந்தப் பக்கம் நிற்பதா? நீங்களே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எதிர்ப் பக்கத்துப் பேருந்துத் தரிப்பிடத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன். கோட்டுப் பைக்குள் ஒரு கைப்பிடி அரிசி. வாய்க்கரிசி போட வந்தவள் அதை விரல்களுக்குள் உருட்டியபடியே இருந்தேன். பேருந்துகள் வந்து நின்று, எனக்காகக் கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போயின. கடைசியில் அவர் வெளியே வந்தார். வேட்டிக்கு மேல் குளிர் ஜக்கெற், மொட்டைத் தலை. சுவரில் சாய்ந்து நின்று சின்னப் பிள்ளை போல அழுதார். பாவம் என்று நினைத்தேன். நினைத்த கையோடு எனக்கு என்னிலேயே ஆத்திரம் வந்தது. அந்தக் கோட்டுப் பையின் மூலையில் இன்னும் இரண்டு அரிசி கிடக்கிறது.

விசா வந்தது மச்சாள். முப்பத்தோராம் நாள், உங்கள் அந்தியேட்டி முடிந்த அடுத்த கிழமை வந்தது. ஏன் இருந்தேன் என்ற கேள்விக்கு உங்களுடைய வாக்குமூலத்தைத்தான் பதிலாக எழுதியிருந்தார்கள். 'கணவரின் சகோதரியின் நம்பத்தகுந்த கூற்றின்படி' என்று. இப்போது என் அட்டை யாரோடும் சேர்ந்து வாழ்வதற்கான அட்டை இல்லை. நான் என்றபடியால் எனக்குத் தந்த அட்டை. சலவை அறையில் வைத்துக் கடிதத்தைப் பிரித்தேன். முதலில் யாரிடம் சொல்ல ஓடினேன் தெரியுமா? போனை எடுத்து உங்கள் பெயரை அழுத்திவிட்டேன்.

அடுத்த நாள் லீவு எடுத்துக்கொண்டு சூக்குக்குப் போனேன். அந்தச் சட்டத்தரணி அம்மாவுக்கு நன்றி சொல்ல. சொல்லிவிட்டு, அந்தப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சிவப்பு முதுகு, தடித்த புத்தகம், ஜன்னலோரத் தட்டில் மூன்றாவது. விரலால் தடவினேன். தூசி இருந்தது. நீங்கள் இருந்தால் விட்டிருப்பீர்களா? என் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு வந்தேன்.

இன்னும் ஒரு செய்தி. போன மாதம் பேர்ணில் ஒரு பிள்ளையின் மஞ்சள் நீராட்டு, சாமத்தியவீடு. என்னோடு வேலை செய்கிற அக்கா வற்புறுத்தி அழைத்ததால் போனேன். மண்டபத்தில் சாப்பாட்டு மேசையில் எனக்கு இடது பக்கம் ஒரு இளம் பெண், ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்தான் இருக்கும். அவளுக்கு அப்பால் ஒரு அம்மா. பாட்டுச் சத்தம் வேறு. அவர்கள் கதைத்தது எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் ரோல்சைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு இருந்ததைத்தான் பார்த்தேன். அந்த அம்மா அவளுடைய முழங்கையைத் தடவியபடி மூன்று விரலைக் காட்டினார்.

மூன்று விரல். எனக்குக் காது கேட்கத் தேவையே இருக்கவில்லை.

நான் எழுந்தேன். எழுந்து சுற்றி வந்து, அந்தப் பெண்ணின் இடது பக்கத்தில், அவளுக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில், ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அதுதான் என் நல்ல காதுக்குச் சரியான பக்கம். "தங்கச்சி, எனக்குச் சொல்லும், நான் கேக்கிறன்" என்றேன். அந்த அம்மா, "நாங்கள் குடும்ப விசயம் கதைக்கிறம்" என்றார். "ஓம் அம்மா, எனக்கும் குடும்பத்திலை ஒரு ஆள் இதைத்தான் சொன்னவ. நல்ல மனிசி. அவ சொன்னது பிழை. பிழை எண்டு தெரிஞ்ச அண்டைக்கே வேலை உடுப்போடை வந்து கூட்டிக்கொண்டு போனவ" என்றேன். அந்த அம்மாவின் முகம் கறுத்தது. நல்லவர்தான் மச்சாள், உங்களைப் போலவே. அவருக்கும் அடுத்த வரி தெரியாது.

அந்தப் பெண் என் இலக்கத்தை மட்டும் கேட்டாள். போன திங்கட்கிழமை எடுத்தாள். நாளை காலை பத்து மணிக்கு, அவள் வீட்டு ஆள் வேலைக்குப் போன பிறகு, நான் அவளுடைய கதவில் நிற்பேன். எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். கடவுச்சீட்டு எங்கே என்று தெரியாது என்கிறாள். சாமிப் படத்துக்குப் பின்னால் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு நான் தருகிற வாக்கு இதுதான். எங்கள் சனம் கூடுகிற எந்த மண்டபத்தில், எந்த மேசையில் அந்த மூன்று விரல் எழும்பினாலும், நான் எழும்பிச் சுற்றி வந்து பக்கத்தில் இருப்பேன். வாய்க்காரி என்று பார்த்துத்தானே என்னை எடுத்தீர்கள்? இனி அடக்க மாட்டேன்.

போன மாரியில் விவாகரத்துத் தீர்ப்பும் வந்தது. அந்தக் கடதாசியின்படி உங்கள் தம்பி எனக்கு யாரும் இல்லை. அப்படியென்றால் நீங்களும் யாரும் இல்லை என்றுதான் அர்த்தமாம். அந்தக் கணக்கும் மூன்று வருடக் கணக்கைப் போலத்தான், பாதிதான் சரி. அறிவித்தலில் விடுபட்ட வரியை நானே எழுதிவிடுகிறேன். மைத்துனி என்று போட மாட்டேன், நாங்கள் ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அன்னார், வதனியின் மச்சாளும் ஆவார்.

என் வலது பக்கத்துக் கதிரையை உங்களுக்காக வெறுமையாக வைத்திருக்கிற,
உங்கள் மச்சாள்
வதனி